லிட்டருக்கு ஆறு கூட வராத வண்டி

பெட்ரோல் விலை திடீரென்று ஏறிய சமயம், மயிலாப்பூரில் ஒருவர் தம்முடைய பெரிய வெளிநாட்டுக் காரை விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். வேறிடத்தில் சின்ன கார் ஒன்றும் பார்த்து வைத்திருந்தேன்.

வண்டியைக் காட்டியவர் அந்த வீட்டு டிரைவர். ஐம்பது வயதிருக்கும். நெடுநெடுவென்ற ஒல்லி உடம்பு. ஸ்டியரிங்கைத் தொடுமுன் உள்ளங்கைகளைக் கைக்குட்டையால் துடைத்துக்கொள்வார்.

கடற்கரைச் சாலையில் என்னையே ஓட்டச் சொன்னார். லேசாக மிதித்ததும் வண்டி சத்தமே இல்லாமல் பாய்ந்தது. வாங்கிவிடுவது என்று அங்கேயே தீர்மானித்துவிட்டேன்.

“லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?” என்று பேச்சுக்குத்தான் கேட்டேன்.

“ஆறு கூட வராது சார். மாசத்துல பாதி நாள் ஷெட்டுலதான் நிக்கும். சின்ன வண்டியா எடுத்துக்கங்க.”

“இதை வாங்கினா உங்களையே டிரைவரா வெச்சுக்கலாம்னு இருந்தேன்.”

“தெரியும் சார்” என்றார்.

சின்ன காரையே வாங்கினேன். பெரிய கார் விலைபோகாமல் கடைசியில் பழைய இரும்புக்குப் போனதாம்.

ஆறு மாதம் கழித்து, தேனாம்பேட்டை பஸ் நிறுத்தத்தில் அந்த டிரைவர் மழையில் நனைந்துகொண்டு நின்றார். ஏற்றிக்கொண்டேன். முழங்கால் இடிக்க முன்சீட்டில் ஒடுங்கி உட்கார்ந்தார்.

“இப்ப எங்க வேலை?”

“எங்க சார் கீது? அல்லாரும் சின்ன வண்டி வாங்கி, அவங்களே ஓட்டிக்கினு போறாங்க.”

சைதாப்பேட்டையில் இறங்கும்போது, “நல்லா ஓட்றீங்க சார்” என்றார்.

அதில் குத்தல் ஏதும் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.