இண்டைக்குக் கொஞ்சம் புளிப்பு

அரியாலையில் பஸ்ஸுக்கு நின்றேன். எதிரே, அண்ணையின் விளம்பர நிறுவனம் வைத்த தயிர் விளம்பரம்: "இன்று கொஞ்சம் புளிக்கும்." பருத்தித்துறையில் அம்மா அப்பம் சுட்டு விற்ற வாசலின் மா வாசம் மூக்கில் ஏறியது.

சிறுவயதில் ஒருநாள் மா அளவுக்கு மீறிப் புளித்துவிட்டது. நான் அட்டையில் "ஊரிலேயே திறமான அப்பம்" என்று எழுதித் தொங்கவிட்டேன். அண்ணை அதைத் திருப்பி, கரியால் "இண்டைக்குக் கொஞ்சம் புளிப்பு" என்று எழுதினார்.

"அண்ணைக்கு விசர் பிடிச்சிட்டுது, அம்மா!"

"அவன் எழுதினதுதான் சரி. பொய் சொன்னா நாளைக்கு ஆர் வருவினம்?"

சனம் சிரித்துக்கொண்டே வாங்கித் தீர்த்தது. கடைசி அப்பத்தில் முட்டை ஊற்றி அம்மா அண்ணைக்குக் கொடுத்தார்.

பிறகு நான் படிப்பை விட்டு, ஊர் ஊராகச் சாப்பாட்டுக் கடைகளில் கோப்பை கழுவினேன். அந்த முட்டையப்பத்தை நினைத்தால் இன்றும் வயிறு எரியும்.

எதிர்க்கடையில் அந்தத் தயிரை வாங்கித் தின்றேன். சொன்னபடியே புளித்தது. இன்னொன்று கேட்டேன்.