அவளுக்குத் துணையாகப் போன கல்லூரி

தூத்துக்குடியில் எனக்கு இடம் கிடைத்த செய்தி வந்தபோது, அம்மா எண்ணூர் மார்க்கெட்டில் சங்கரா மீனுக்குச் செதில் தேய்த்துக்கொண்டிருந்தாள். கையைக்கூடக் கழுவாமல் என் கன்னத்தைப் பிடித்தாள்.

"மீனப் பத்தியே பட்ச்சிகினு வரப் போறியாடி?"

மீன்வளப் பட்டப்படிப்பு. நெட்டுக்குப்பத்தில் எங்கள் தெருவிலிருந்து யாரும் அதைப் படித்ததில்லை. நைனா அன்று மாலையே எழும்பூரிலிருந்து போகும் ரயிலில் எனக்கும் தனக்குமாக டிக்கெட் போட்டார். அம்மா புதுப் பை, வாளி, கொசுவலை என்று ஒவ்வொன்றாக வாங்கி வந்து கட்டிலுக்கடியில் தள்ளினாள். "அவ்ளோ தூரமா? பொட்டப் புள்ளய?" என்று கேட்ட பெரியம்மாவிடம், "இங்கியே கெடந்து கரண்டு கம்பெனி சாம்பல துன்னணுமா?" என்று அவள் போட்ட சத்தம் தெருக்கோடி வரை கேட்டது.

மார்க்கெட்டில் அம்மாவுக்குப் பக்கத்தில் மீன் விற்கும் அக்காவின் மகள்தான் என் தோழி. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. அவள் வீட்டு நிலைமை வேறு. அவளுடைய அப்பா காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஒப்பந்த வேலை பார்த்தார். மகளைத் தனியாக ரயிலேற்றவே மாட்டேன் என்பார். தூத்துக்குடிச் செய்தி வருவதற்கு முன்பே, ராயபுரம் பக்கம் ஒரு கலைக்கல்லூரியில் எங்கள் இருவருக்கும் வேதியியலில் இடம் கிடைத்திருந்தது. "அந்தப் பொண்ணு வந்தா நீயும் போ. இல்லாங்காட்டி வூட்ல கெட" என்பது அவர் தீர்ப்பு.

ஆகவே நான் தூத்துக்குடிக்குப் போவதாகச் சொன்னதும் அவள் முகம் செத்துப்போயிற்று. மறுநாள் முகத்துவாரத்துக் கருங்கல் மேல் உட்கார்ந்து அழுதாள்.

"நீ போய்ட்டா என் படிப்பு அவ்ளோதான்டி. எங்க நைனா மாப்ள பாக்க ஆரம்பிச்சுடுவாரு."

"உங்கம்மாகிட்ட சொல்லிப் பாரேன்."

"அது இன்னா பேசும்? உனுக்குத்தான் தெரியுமே." என் கையை விடவேயில்லை. "நம்ம ரெண்டு பேரும் ஒண்ணா போலாம்டி. மூணு வருசம். அப்பறம் நீ எங்க வேணா போ, நான் கேக்க மாட்டேன்."

இரண்டு நாள் அதையே யோசித்தேன். தூத்துக்குடி எனக்கு வேண்டியிருந்தது. ஆனால் நான் போவதால் ஒருத்தி வீட்டுக்குள் அடைபடுவாள் என்பதை என்னால் தாண்ட முடியவில்லை. மூன்றாம் நாள் அம்மாவிடம் போகவில்லை என்றேன். காரணத்தையும் சொன்னேன்.

அம்மா அடிக்கக் கை ஓங்கினாள்; அடிக்கவில்லை. "அவ பட்ச்சா உனுக்கு இன்னா, படிக்காங்காட்டி இன்னா? உன்ன அனுப்பணும்னு நான் எத்தினி பேருகிட்ட வாய்ச் சண்ட போட்டேன்!" என்று கத்திவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். நைனா டிக்கெட்டை ரத்து செய்தார். சேர வேண்டிய நாள் கடந்து போனது.

நாங்கள் சேர்ந்து கல்லூரிக்குப் போனோம். எண்ணூர் ஸ்டேஷனில் ஏறி, பெண்கள் பெட்டியில் கதவோரம் நின்றபடி, திருவொற்றியூர் வருவதற்குள் பாதி டிபனைத் தின்றுவிடுவோம். சந்தோஷமாகத்தான் இருந்தேன். செய்தது சரிதான் என்று அந்த நாட்களில் முழுமனதாக நம்பினேன்.

ஒரு திங்கட்கிழமை அவள் ஸ்டேஷனுக்கு வரவில்லை. போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்து, ரயிலை விட்டுவிட்டு அவள் வீட்டுக்கு நடந்தேன். அவள் அம்மா வாசலில் தண்ணீர்க் குடங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா, காலேஜி போலியா?"

"அவ எங்கக்கா?"

அந்த அக்கா என்னை விநோதமாகப் பார்த்தாள். "கோயமுத்தூரு போய்ட்டாளே, நேத்து அவங்க நைனாகூட. இன்ஜினியரிங் சீட்டு கெட்ச்சிடுச்சி. என் தங்கச்சி வூட்டுலதான் தங்கப் போறா. உனுக்குத் தெரியாதா?"

அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனாள். "ப்ளஸ் டூ ரிசல்ட்டு வந்தன்னிக்கே என் தங்கச்சி, 'சீட்டு வந்தா அனுப்பு, நான் பாத்துக்கறேன்'னு சொல்ட்டா. சித்தி வூடுன்றதால அவங்க நைனாவும் ஒத்துகினாரு. நீதான் இந்த ரோசனைய குட்த்தன்னு நான் நெனச்சிகினு கீறேன்."

ரிசல்ட் வந்த அன்றே. அதாவது, கருங்கல் மேல் உட்கார்ந்து என் கையைப் பிடித்து அழுதபோது அவளுக்கு எல்லாம் தெரியும்.

சில நாட்கள் கழித்து அவளே போன் செய்தாள். எடுத்ததும் நான், "ஏன்டி?" என்று மட்டும் கேட்டேன்.

"சீட்டு வருமா வராதான்னே தெரியாம இருந்திச்சிடி. வரலன்னா நான் இன்னா பண்றது? நீ இருந்தாதான எங்க நைனா இந்தக் காலேஜிக்காவது உடுவாரு?"

"அப்போ நான்?"

"உனுக்கு இன்னா? உங்கம்மா நீ எப்ப கேட்டாலும் அனுப்பும்."

நான் போனை வைத்துவிட்டேன். எனக்கு இருந்த ஒரே அதிர்ஷ்டம் என் அம்மா. அதையே ஒரு சாக்காக்கி என்னிடம் நீட்டியதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்; அவள் என்னைத் திட்டவில்லை. தூத்துக்குடிக்குப் போன் போட்டுக் கேட்கச் சொன்னாள். கேட்டேன். அந்த இடம் வேறு பிள்ளைக்குப் போய்விட்டது என்று மரியாதையாகச் சொன்னார்கள். அந்த வாரமே அம்மா மார்க்கெட்டில் தன் பலகையைத் தூக்கிக்கொண்டு எதிர் வரிசைக்குப் போய்விட்டாள். அந்த அக்கா அங்கிருந்தே பார்த்துக்கொண்டிருப்பாளாம். தன் மகள் செய்தது எதுவும் அவளுக்குத் தெரியாது. யாரும் சொல்லவுமில்லை.

மூன்று வருடமும் தனியாகவே ரயிலில் போய் வந்தேன். புதிதாகச் சிலர் பழகினார்கள். என் திட்டம் எதையும் அவர்களிடம் சொன்னதில்லை. படிப்பு முடிந்ததும் மணலி பக்கம் ஒரு ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்தது. நல்ல வேலைதான். பிடித்தும் இருக்கிறது. அதனால் தூத்துக்குடி மறந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

போன வருடம் ஆடியில், அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் நாளில் அவளைப் பார்த்தேன். பெங்களூரில் வேலை செய்கிறாள். ஓடி வந்து தோளைக் கட்டிக்கொண்டாள். "நல்ல வேளடி நீ எங்கியும் போகல. ஹாஸ்டல் சோத்த துன்னு பேஜாராயிருப்ப" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள்.

அவள் கையை மெல்ல எடுத்துவிட்டுக் கேட்டேன்: "என்கிட்ட ஒரு வார்த்த சொல்லணும்னு உனுக்குத் தோணவேயில்லியா?"

அவள் மறைக்காமல் சொன்னாள். "தோணுச்சி. சொல்லியிருந்தா நீ கெளம்பிப் போயிருப்பியே."

அதற்குள் அம்மா என்னைத் தேடிக்கொண்டு வந்துவிட்டாள். தோழியைப் பார்த்ததும் நின்றாள். இருவரும் ஒருவரையொருவர் நலம் விசாரித்தார்கள். அம்மா அவளுக்கும் ஒரு சொம்பில் கூழ் வாங்கிக் கொடுத்தாள். திரும்பி நடக்கும்போது, "இன்னா சொன்னா?" என்று கேட்டாள்.

"உண்மையச் சொன்னாம்மா" என்றேன்.

அம்மா கூட்டத்தில் பிடித்த என் முழங்கையை வீடு வரை விடவேயில்லை.