அம்மா பெயரில் கொடுக்கிற படிப்பு

என் வீட்டில் எண்ணெய்ச் சட்டி கிடையாது. வடை, முறுக்கு, அப்பளம் எதுவும் பொரிக்க மாட்டேன். விருதுநகரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் டயட்டீஷியன் வேலை பார்க்கிறேன் என்பதால், ஊருக்குச் சொல்வதைத் தானும் செய்கிற மகராசி என்று நோயாளிகள் மெச்சிக்கொள்வார்கள். புரோட்டாவையே எண்ணெயில் முக்கிப் பொரித்துத் தின்கிற ஊரில் இப்படி ஒருத்தி என்றால் மெச்சத்தானே செய்வார்கள். கொள்கையாவது கத்தரிக்காயாவது. எனக்குப் பயம், அவ்வளவுதான். என் அம்மா எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்துச் செத்துப்போனாள் என்று ஒன்பது வருஷம் நம்பிக்கொண்டிருந்தவள் நான்.

அப்போது நான் பிளஸ் டூ. விருதுநகரில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தேன். அம்மா ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து அடைக்கிற வேலை பார்த்தாள். தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வார்டன் கூப்பிட்டு, மதுரை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். போனால், தீக்காய வார்டில் கொசுவலைக்குள் அம்மா. முகம் மட்டும் தப்பியிருந்தது.

"என்னம்மா ஆச்சு?"

"முறுக்கு சுட்டேன் தாயி. சட்டி பத்திக்கிருச்சு."

பதினோரு நாள் இருந்தாள். பேச்சு கடைசிவரை தெளிவாக இருந்தது. மாஜிஸ்திரேட் வந்து வாக்குமூலம் வாங்கியபோது எங்களை வெளியே நிற்கச் சொன்னார்கள். அவரிடமும் முறுக்குதான் சொல்லியிருக்கிறாள். அந்த வார்டுக்குத் தினமும் காலையில் ஒரு டயட்டீஷியன் வருவார். தீக்காயத்துக்குப் புரதம்தான் மருந்து என்று சொல்லி, முட்டை வெள்ளைக்கருவை எண்ணி வைத்துவிட்டு, சாப்பிடாதவர்களைப் பெயர் சொல்லித் திட்டுவார். டாக்டருக்கே அடங்காத அம்மா அவருக்கு அடங்கினாள். "இந்தம்மா மாதிரி நீயும் படி" என்று என்னிடம் சொன்னாள். முதலாளியின் மனைவி ஆப்பிள் பையோடு இரண்டு தடவை வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். கம்பெனிக்கு வெளியே நடந்த விபத்துக்கு இவ்வளவு பெரிய மனுஷி வந்து அழுகிறாரே என்று எனக்கு மெய்சிலிர்த்துப்போனது.

காரியம் முடிந்ததும் வீட்டுக்குப் போனேன். அடுப்படிச் சுவர் கூரைவரை கருகிக் கிடந்தது. நானே தேய்த்துக் கழுவி, இரண்டு கை சுண்ணாம்பு அடித்தேன். அப்பா வாசலில் கட்டிலில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டே இருந்தார், ஒரு வாளித் தண்ணீர்கூட எடுத்துத் தரவில்லை. துக்கம் என்று நினைத்தேன்.

அந்த வருஷமே முதலாளி குடும்பத்து டிரஸ்ட், அம்மா பெயரில் நினைவு உதவித்தொகை அறிவித்தது. டயட்டெடிக்ஸ் படிக்கிற தொழிலாளி மகள் ஒருத்திக்கு மூன்று வருஷமும் கட்டணம், ஹாஸ்டல், புத்தகம் எல்லாம். முதல் ஆள் நான். வருஷா வருஷம் சிவகாசியில் ஒரு மண்டபத்தில் அம்மா படத்துக்கு மாலை போட்டு விழா நடத்துவார்கள். 'வீட்டில் சமைக்கையில் தீ விபத்தில் மறைந்த எங்கள் தொழிலாளி' என்று அழைப்பிதழில் வழவழ தாளில் அச்சடித்திருக்கும். நான் மேடையேறி, அம்மா செத்த கதையைச் சொல்லி நன்றி சொல்வேன். முதலாளியம்மாவை எனக்கு இன்னொரு அம்மா என்றே ஒரு வருஷம் சொன்னேன். வேலைக்குப் போனபிறகு, பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கிற கமிட்டியிலும் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். பெருமையாக இருந்தது. அதை நினைத்தால் இப்போது என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

போன வருஷம் இன்டர்வியூ நடந்தபோது, வெம்பக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு பிள்ளை அவளுடைய அம்மாவோடு வந்திருந்தாள். சர்டிபிகேட்டைச் சரிபார்க்கப் பிள்ளை உள்ளே போனாள். அம்மாக்காரி என் பக்கத்தில் வந்து நின்று, முகத்தையே பார்த்தார்.

"நீ அவ மகதானம்மா? உரிச்சு வச்ச மாதிரி இருக்க."

"எங்கம்மாவத் தெரியுமாக்கா?"

"தெரியுமாவா! அன்னைக்கு ரெண்டு பேரும் ஒரே மரத்தடியிலதான உக்காந்து மருந்து அடைச்சோம். மொத வெடி வெடிக்கவும் என்னையப் பிடிச்சு வேலிக்கு அங்கிட்டுத் தள்ளிவிட்டா. எனக்குக் கையோட போச்சு. அவ மாட்டிக்கிட்டா." இழுத்துவிட்டிருந்த ஜாக்கெட் கையை ஏற்றி, தழும்பைக் காட்டினார்.

சீசனில் ஆர்டர் முடியவில்லை என்றால் லீவு நாளிலும் ஆள் கூப்பிடுவார்கள். அன்றைக்கு மருந்து அடைக்கிற ரூம்கள் பூட்டிக் கிடக்கும். வேலி ஓரம் வேப்பமரத்தடியில் சாக்கு விரித்து, அதில் வேலை. சட்டப்படி செய்யவே கூடாத வேலை, அதனால் வருகைப் பதிவில் யார் பெயரும் ஏறாது. அந்த நாளில் தீப்பட்டவர் யாரும் அங்கே வேலை பார்க்கவில்லை என்றுதான் கணக்கு.

"எங்கம்மா வீட்டுல முறுக்கு சுடுறப்ப..." என்று இழுத்தேன்.

அந்த அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. "ஒனக்குத் தெரியாதாம்மா? ஊருக்கே தெரியுமே."

ஊருக்கே தெரியும். அந்த மண்டபத்தில் எனக்குக் கைதட்டிய அத்தனை பேருக்கும் தெரியும். எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியாது.

அன்றைக்கே பஸ் ஏறி அப்பாவிடம் போனேன். சாப்பிட உட்கார்ந்திருந்தார். சாப்பிட்டு முடிக்கக்கூட விடவில்லை.

"அம்மா எங்கன வச்சுச் செத்தா?"

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "யாரு சொன்னா?"

"சுவரு எப்பிடிக் கருகுச்சு?"

"நான்தான். சாக்குல மண்ணெண்ணெய ஊத்திக் கொளுத்துனேன். போலீசு வந்து பாக்கும்னு கம்பெனி ஆளுக சொன்னாக."

"அதுக்கு நான் சுண்ணாம்பு அடிக்கிறத உக்காந்து பாத்துக்கிட்டுத்தான இருந்தீக?"

தட்டைத் தள்ளி வைத்தார். "எல்லாம் ஒங்கம்மா பேசுன பேச்சுதான். ஆஸ்பத்திரிக்குப் போற வேன்லயே மொதலாளிகிட்டக் கேட்டுட்டா. 'கம்பெனி பேரச் சொல்ல மாட்டேன், எம்மகளப் படிக்க வைப்பீகளா'ன்னு. கம்பெனிய மூடிட்டா அம்புட்டுப் பேரும் எங்கன போவாகன்னு எங்கிட்டச் சொன்னா. நான் என்னத்தச் சொல்ல?"

முதலாளி வீட்டார் மேல் வந்த கோபம் பெரிதில்லை. அவர்கள் அவர்கள் வேலையைப் பார்த்துக்கொண்டார்கள். அப்பா மேல் வந்தது அதைவிடப் பெரிது. ஆனால் என்னை உள்ளே போட்டு அறுத்தது அம்மா மேல் வந்த கோபம்தான். பதினோரு நாள் நான் பக்கத்திலேயே இருந்தேன். வெள்ளைக்கருவைப் பிய்த்துப் பிய்த்து நான்தான் ஊட்டினேன். ஒரு தடவை காதில் சொல்லியிருக்கலாம். மாஜிஸ்திரேட்டுக்குச் சொன்ன பொய்யை எனக்கும் சொல்லிவிட்டு, நான் படிக்க வேண்டியதையும் முடிவு பண்ணிவிட்டுப் போய்விட்டாள். என் படிப்புக்கு அம்மா கொடுத்த விலை எனக்குத் தெரிந்திருந்தால் அந்தப் படிப்பை நான் தொட்டிருப்பேனா? தொட மாட்டேன் என்று தெரிந்துதான் மறைத்திருக்கிறாள். செத்தவளோடு சண்டை போடவும் முடியாது.

அந்த வருஷ விழா மேடையில் எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிடுவது என்று முடிவு பண்ணினேன். இன்டர்வியூவுக்கு வந்த பிள்ளைக்குத்தான் உதவித்தொகை என்று ஆகியிருந்தது. அவளைத் தேர்ந்தெடுத்ததில் என் மார்க்கும் உண்டு. விழாவுக்கு நாலு நாள் முன்னால் அந்த அக்கா ஆஸ்பத்திரிக்கு வந்தார். சர்க்கரை நோயாளிகளோடு சேர்ந்து டோக்கன் வாங்கி, வரிசையில் உட்கார்ந்து, என் அறைக்குள் வந்தார்.

"மேடையில சொல்லப் போறியா தாயி?"

"சொல்லத்தான் போறேன்."

"மூணு வருசம் பொறு. எம்மக படிச்சு முடிக்கட்டும். இப்பச் சொன்னா கம்பெனிக்கு சீல் வைப்பாக, படிப்பும் போயிரும், எங்க வேலையும் போயிரும். நான் மரத்தடிக்குப் போறதும் ஒங்கம்மா கதையும் அவளுக்குத் தெரியாது. இந்தக் கை சுடுதண்ணியில வெந்ததுன்னு சொல்லி வச்சிருக்கேன்."

"இன்னுமா மரத்தடிக்குப் போறீக?"

"சீசன்ல கூப்பிட்டா போகாம?"

கத்திவிட்டேன். உங்களைத் தள்ளிவிட்டுத்தானே என் அம்மா செத்தாள், திரும்பவும் போய் அங்கேயே உட்கார்ந்தால் அவள் எதற்குச் செத்தாள் என்று கேட்டேன். வெளியே நர்ஸ் எட்டிப் பார்த்தாள். அந்த அக்கா எழுந்துகொண்டார். "மூணு வருசந்தான்" என்று மட்டும் திரும்பச் சொல்லிவிட்டுப் போனார்.

விழா அன்று முதலாளியம்மா வாசலிலேயே நின்று, "வாம்மா, இளைச்சுட்டியே" என்று கன்னத்தைத் தடவினார். நான் தலையைத் திருப்பிக்கொண்டேன். மைக்கைப் பிடிக்கும்வரை, உண்மையைத்தான் சொல்லப் போகிறேன் என்று நினைத்திருந்தேன். முன்வரிசையில் அந்தப் பிள்ளை புதுச் சுடிதாரில் உட்கார்ந்திருந்தாள். மூன்று வரிசை தள்ளி அவளுடைய அம்மா முழுக்கை ஜாக்கெட்டில், என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் அம்மா வீட்டில் முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தபோது" என்று ஆரம்பித்தேன். வருஷா வருஷம் சொன்னதுதான், ஒரு வார்த்தை பிசகாமல் வந்தது. அழுகையும் வந்தது, அதற்கும் கைதட்டினார்கள். இத்தனை வருஷத்தைவிட அன்றைக்கு நன்றாகச் சொன்னேன் என்று முதலாளியம்மா பாராட்டினார்.

சாப்பாட்டுப் பந்தியில் அந்தப் பிள்ளை என் இலைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கண் கலங்கியிருந்தது.

"அக்கா, எங்கம்மாவ அந்தக் கம்பெனி வேலைய விட்டுருன்னு தெனமும் சண்ட போடுவேன். வேன்ல ஏறிப் போறதப் பாத்தாலே எனக்குப் படபடன்னு வரும். ஒங்க அம்மா அம்புட்டு வருசம் கம்பெனியில ஒண்ணும் ஆகாம வேல பாத்துட்டு, வீட்டுல போயி இப்பிடி ஆயிருக்கே. எங்க இருந்தாலும் விதிதானக்கா. இனிமே எங்கம்மாகூடச் சண்ட போட மாட்டேன்."

எதிர் வரிசையில் அவளுடைய அம்மா சாப்பிடாமல் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாப் படிம்மா" என்றேன்.