ரோலர் சுருதி

பிறக்கும்போதே பாட்டோடு பிறந்தவன் என்று மணிகண்டனைச் சொன்னால் அது பச்சைப் பொய். மறையூர் மலையில் தேயிலை ஃபேக்டரியில், இலை நசுக்கும் ரோலர் மெஷினுக்குப் பக்கத்தில் வருஷக்கணக்காக நின்றவன் அவன். அந்த இரைச்சலில் பேச முடியாது, பாடலாம். பாடினான். வேலை முடிந்து, ஃபேக்டரியை ஒட்டிய தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்கு வந்தால் சுவருக்கு அந்தப் பக்கமும் அதே இரைச்சல்தான். அதைக் கேட்டுக் கேட்டே கிதார்க் கம்பியை முறுக்கினான். வேறு சுருதி சொல்லித்தர அங்கே யார் இருந்தார்கள்?

மறையூருக்குச் சுற்றிப் பார்க்க வந்த நல்லேப்பிள்ளி ஊர்க்காரன் கோகுல்நாத் ஒருநாள் அதைக் கேட்டுவிட்டு, "ஏனுங்ணா, இது அசல் ப்ளூஸுங்க, கஷ்டப்பட்ட சனங்க பாடுன சோகப் பாட்டு!" என்று கையைப் பிடித்துக்கொண்டான். ப்ளூஸாவது ஒன்றாவது! மணிகண்டனுக்கு அது இலையும் கூலியும் வராத மாதத்தின் புலம்பல். எப்படியோ, கோகுலின் 'கணவாய்க் காற்று' ராக் குழுவின் முதல் ஆல்பத்தில் அந்தப் பாட்டும் சேர்ந்தது. ஒத்திகை எல்லாம் ஃபோனில். சுருதி இறங்கிக் கேட்டபோது, ஃபோன் கோளாறு என்று விட்டுவிட்டார்கள். மகன் பாட்டு ஆல்பத்தில் வருகிறது என்று அம்மா அழகுத்தாய் லயம் முழுக்கச் சொல்லிவிட்டாள். இனி வெறுங்கையோடு மலையேற முடியுமா?

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது கோகுலின் ஊர்ப்பக்கத்துச் சித்தூரில், நெல் குடோன் மாடியில். எல்லோரும் ஒரே அறையில் சேர்ந்து வாசிக்க ஏற்பாடு. குழுவில் புதிதாகச் சேர்ந்த பெண் அனுப்பிரியா மவுத் ஆர்கனை ஊதியதும் சோற்றில் கல் கடித்தது போலிருந்தது.

"சுருதி சேரல. யாரோட கம்பி இறங்கியிருக்கு?" என்றார் ஒலிப்பதிவு செய்யும் சிவப்பிரகாஷ். அத்தனை கண்ணும் மணிகண்டன் மேல் விழுந்தது.

கம்பியை ஏற்றினான். கிதார் சேர்ந்தது, குரல் சேரவில்லை. இரண்டாவது அடிக்குள் அது வழுக்கிக்கொண்டு ரோலர் சுருதிக்கே போய் நின்றது. மறுபடியும் பாடினான், மறுபடியும் வழுக்கியது. சட்டை நனைந்துவிட்டது.

"சீக்கிரங்க. மைக் எல்லாம் கோயில் திருவிழாவுக்குப் போகணும்" என்றார் சிவப்பிரகாஷ்.

கோகுல் தரையைப் பார்த்தான். "கோவிச்சுக்காதீங்கண்ணா. கம்பிய நாங்களும் இறக்கிக்கலாமுங்க. மவுத் ஆர்கன என்ன பண்றது, அதுக்குத் திருகாணியா இருக்குது? பேசாம கோயமுத்தூர்ல ஒருத்தரப் பாட வெச்சுரலாமுங்களா?"

"மெஷின் சத்தத்தோட வந்த என் பாட்ட நான் பாடலன்னா அப்புறம் எதுக்குங்க அது?" என்றான் மணிகண்டன்.

"அப்ப அனு வாசிக்கறத எடுத்துரலாமுங்க" என்றான் கோகுல்.

ஆல்பம் முழுக்க அந்தப் பெண்ணுக்கு இருந்ததே இந்த ஒரு பாட்டுதான். மணிகண்டனுக்கு அது தெரியும். "வேண்டாங்க. அந்தப் பிள்ளை வயித்துல அடிச்சு எனக்குப் பாட்டு வேண்டாம்" என்று கிதாரை உறைக்குள் வைக்கக் குனிந்தான்.

"வெளிய எடுங்கண்ணா" என்றாள் அனுப்பிரியா. மவுத் ஆர்கனின் மூடியைக் கழற்றிவிட்டு ஒரு பிளேடு கேட்டாள். "உள்ள இருக்கற பித்தளை நாக்க அடியில சுரண்டுனா சுருதி இறங்குமுங்க. நீங்க கம்பிய உங்க மெஷின் சுருதிக்கே முறுக்குங்க. நான் அங்க வர்றேன்."

"ஒடஞ்சா?" கோகுல் பதறினான்.

"ஒடையட்டும்!"

சுரண்டினாள், ஊதினாள், மறுபடி சுரண்டினாள். பட்டென்று ஒரு நாக்கு ஒடிந்தது. "இந்தப் பாட்டுக்கு அது வேண்டாமுங்க" என்றாள். அப்பா ஈஸ்வரமூர்த்தியிடம் ஒரு வருஷம் மல்லுக்கட்டி வாங்கிய மவுத் ஆர்கன் அது.

பிறகு வாசித்தார்கள். மணிகண்டன் கண்ணை மூடிக்கொண்டு, சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின் ஓடுவதாக நினைத்துக்கொண்டு பாடினான். அனுவின் மூச்சு அவன் குரலை ஓரிடத்திலும் விடாமல் கூடவே வந்தது. பாட்டு முடிந்ததும், சரியாக வந்துவிட்டது, இன்னொரு தடவை வேண்டாம் என்று சிவப்பிரகாஷ் கையைக் காட்டினார்.

"இனி இத வச்சு வேற யாரு பாட்டுக்கும் வாசிக்க முடியாதே, பிள்ள" என்றான் மணிகண்டன்.

"முடியாதுங்க" என்று மவுத் ஆர்கனைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "அடுத்த ஆல்பத்துக்கும் நீங்கதானுங்க வரணும்."

மணிகண்டன் உறையின் ஜிப்பை இழுத்தான். பாதியில் நிறுத்தி, அடுத்த பாட்டின் முதல் அடியை அவளுக்கு வாசித்துக் காட்டக் கிதாரை மறுபடியும் வெளியே எடுத்தான்.