அவிழ்க்காத காப்பு

இந்த நாட்டில் பள்ளிக்கூடத்துக்கு வராத பிள்ளையைத் தேடிக்கொண்டு அரசாங்க ஆள் வீட்டுக்கே வருகிறார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் இருந்து இதை வாசிப்பவர்கள் நான் புளுகுகிறேன் என்று நினைப்பீர்கள். இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டுக்கு நர்ஸ் வேலைக்கு வந்து சில வருடங்கள் ஆகியும் எனக்கே இது தெரியாமல்தான் இருந்தது. போன மாதம் ஒரு காலை வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது கதவு தட்டும் சத்தம் கேட்டது. திறந்தால், நீளக் கோட்டு போட்ட ஒரு வெள்ளைக்காரர் நின்றார். மேரி என்ற பிள்ளை இங்கே இருக்கிறாளா என்று கேட்டார்.

மேரி எட்டு வயது ஐரிஷ்காரப் பிள்ளை. எங்கள் தெருவில்தான் குடியிருந்தாள். வீட்டுச் சொந்தக்காரன் வீட்டை விற்றுவிட்டு, குடும்பத்தைக் கட்டில் மெத்தையோடு நடைபாதையில் இறக்கிவிட்டான். தகப்பன் ஒரு விடுதியிலும் தாய் கைக்குழந்தையோடு இன்னொரு விடுதியிலும் ஒண்டிக்கொண்டார்கள். மேரியை நான் என் அறைக்குக் கூட்டி வந்தேன். வீடில்லாத பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் கிடையாது என்பது நான் சிறுவயதில் அடிபட்டுக் கற்ற பாடம். அதனால் அவளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துப் பெருக்கல் கணக்கு சொல்லிக்கொடுத்து வந்தேன்.

"அப்படி யாரும் இல்லை" என்றேன். அவர் வாசலில் கிடந்த சின்னச் சப்பாத்துகளைப் பார்த்தார். "ஷீ மஸ்ட் கம் வித் மீ, மேடம்" என்று ஒரு அடி முன்னால் வைத்தார். நான் வெங்காயக் கத்தியை அவர் நெஞ்சுக்கு நேரே நீட்டினேன். அவளைத் தொட்டால் குத்திவிடுவேன் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். வெறும் மிரட்டல் இல்லை, குத்தியிருப்பேன்.

என் சிறுவயதில், வட்டவளைக்கு மேலே இருந்த எங்கள் தோட்டத்தில் வேலை போனால் லயம் என்ற வரிசை வீட்டில் இருந்த ஒற்றை அறைக் காம்பராவும் போகும். காம்பரா போனால் பிள்ளைக்குத் தோட்டத்துப் பள்ளிக்கூடமும் போகும். இலங்கை அரசாங்கம் எங்களிடமிருந்து வோட்டைப் பறித்த காலம் அது. அப்பா தொழிற்சங்கத்தில் சேர்ந்தார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்பார்களே, அப்படித்தான் வேலையாட்களை மேய்க்கும் எங்கள் பெரிய கங்காணி. தோட்டத்துத் துரை மறந்தாலும் அவன் மறக்கவில்லை, அப்பாவின் வேலையைப் பறித்தான். கொட்டும் மழையில் காவல்காரர்கள் எங்கள் கூரையில் ஏறித் தகரங்களைப் பிடுங்கி எறிந்தார்கள். சோற்றுப் பானையில் மழை கொட்டியது. தடுக்கப் போன அப்பாவைச் சேற்றில் போட்டு மிதித்தார்கள். கடைசியில் பொலிசும் அவரைத்தான் பிடித்துக்கொண்டு போனது.

அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு பூண்டுலோயாவில் இருந்த சித்தி வீட்டுக்குப் போனாள். நான் போகவில்லை. அட்டன் கன்னியாஸ்திரிகளின் பள்ளி விடுதிக்கு ஏழைப் பிள்ளைகளைப் பரீட்சை வைத்துச் சேர்க்கப்போகிறார்கள் என்று எங்கள் வாத்தியார் சொல்லியிருந்தார். அதுவரை நான் பள்ளிக்கூடத்தை விடக்கூடாது. தேறினால் கூரையும் படிப்பும் சேர்ந்து கிடைக்கும். வெளியேற்றிய பிள்ளைக்கு இடம் கொடுத்தால் கொடுத்தவர்களின் கூரையும் போகும் என்று கங்காணி எச்சரித்திருந்தான். ஆனாலும் லயத்துப் பெண்கள் என்னை வீட்டுக்கு வீடு மாற்றி ஒளித்து வைத்தார்கள். வாத்தியார் என்னைக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்தார்.

கங்காணிக்கு விஷயம் எட்டியது. அப்போது மாரியம்மன் திருவிழா தொடங்கியிருந்தது. கொழுந்து பறிக்கும் செல்லம்மா அத்தை, முளைப்பாரி எடுக்கும் பிள்ளைகளோடு என்னையும் நிறுத்தி, என் மணிக்கட்டில் மஞ்சள் காப்புக் கட்ட வைத்தார். காப்புக் கட்டியவர் திருவிழா முடிந்து அதை அவிழ்க்கும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக்கூடாது. தாண்ட வைப்பவன் வீட்டில் அம்மை போடும் என்று கங்காணியும் நம்பியவன்தான். "இனி எவன் வந்து இவள வெரட்டுறான்னு பாப்போம்" என்றார் அத்தை. பெண்கள் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு மறுநாளே நின்றது. "பரீட்சை நாளைக்குங்க, அட்டன்லதான் எழுதணும்" என்று வாத்தியார் வந்து சொன்னார். அது எல்லைக்கு வெளியே. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. அத்தை தன் தலையில் தானே அடித்துக்கொண்டார். அம்மனை மீறி என்னை அனுப்ப அவருக்குத் துணிவில்லை.

பரீட்சையன்று காலையில் கோயில் முற்றத்தில் முளைப்பாரிக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். கங்காணி இரண்டு காவல்காரர்களோடு வந்தான். அவர்கள் என் கையைப் பார்த்துவிட்டுத் தொட மறுத்தார்கள்.

"காப்புக் கட்டுன புள்ளைங்க கங்காணியாரே" என்றார் அத்தை. "எல்லை தாண்ட வச்சா ஆத்தா சும்மா விடமாட்டா."

"காப்பு இருந்தாத்தானே?" என்றான் அவன். என் கையை இழுத்து, கவ்வாத்துக் கத்தியால் காப்பை அறுத்தான். தேயிலைச் செடியின் தண்டை ஒரே வெட்டில் துண்டாக்கும் கத்தி அது, நூலோடு நிற்கவில்லை. ரத்தம் பச்சை முளைகளின் மேல் தெறித்தது. அத்தை கொழுந்து மட்டம் பார்க்கும் கம்பால் அவன் வாயில் அடித்தார். பல் தெறித்து விழுந்தது. கூடைகளை எறிந்துவிட்டு ஓடிவந்த பெண்கள் அவனைத் தரையில் தள்ளி மிதித்தார்கள். காவல்காரர்கள் தடியைச் சுழற்றினார்கள். அத்தையின் வலது கை முறியும் சத்தம் எனக்குக் கேட்டது. அந்தக் கை தொங்க, இடது கையால் தன் தலைத்துணியை அவிழ்த்து, காயத்தில் கட்ட என்னிடம் எறிந்தார்.

"அறுத்தவன் அவன், பாவமும் அவனுக்குத்தான். நீ ஓடு புள்ள."

ஓடினேன். வாத்தியார் என்னை வட்டவளையில் ரயிலேற்றினார். துணி நனைந்து விடைத்தாளில் ரத்தக்கறை பட்டது. தேறினேன். செல்லம்மா அத்தையைப் பொலிஸ் பிடித்துப்போனது. அவர் காம்பராவின் தகரங்களையும் கழற்றினார்கள். என்னோடு படித்த அவருடைய இரண்டு மகன்களும் அதன்பின் பள்ளிக்கூடம் போகவில்லை, அட்டன் கடைத்தெருவில் மூட்டை தூக்கினார்கள். அந்தக் கங்காணியை நான் இன்றும் மன்னிக்கவில்லை, மன்னிக்கப்போவதும் இல்லை.

என் கத்திக்குப் பயந்து கோட்டுக்காரர் ஓடிப்போகவில்லை. வாசற்படியிலேயே நின்று குழந்தைக்குச் சொல்வது போல மெதுவாகச் சொன்னார். மேரிக்குப் புதுச் சப்பாத்து தருவார்களாம், பகல் சாப்பாடும் உண்டாம், பஸ்ஸில் போய்வர டிக்கெட்டும் உண்டாம்.

"வீடு இல்லாவிட்டாலுமா?" என்று கேட்டேன்.

"அதனால்தான் வந்தேன், மேடம்" என்றார்.

நான் அவருக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவர் மேல் எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. ஒரு மனிதன் கதவைத் தட்டிச் சொன்னால் முடிகிற காரியத்துக்கா என் அத்தையின் கை முறிந்தது? கத்தியைத் தொட்டியில் போட்டுவிட்டு, அவர் பார்க்கவே அழுதேன். வெங்காயம் என்று அவர் நினைத்திருக்கக்கூடும்.

இப்போது தினமும் காலையில் மேரியைப் பள்ளிக்கூட வாசல்வரை கூட்டிப்போகிறேன். வழியில் அவள் விரல் என் மணிக்கட்டுத் தழும்பைத் தடவும். சிறையிலிருந்து வந்த செல்லம்மா அத்தை ஒருமுறை அட்டன் விடுதிக்கு என்னைப் பார்க்க வந்தார். வலது கை கோணலாகக் கூடியிருந்தது. இடது கையால் இதே தழும்பைத் தடவினார்.

"அறுத்தது அவுத்தது ஆகாது புள்ள" என்றார். "எல்லாரு காப்பும் ஆத்துல விட்டாச்சு. ஒன்னோடது அவுக்கல. ஒனக்கு இன்னும் திருவிழா முடியல."

இலங்கை என்னைத் தன் பிரஜை இல்லை என்றது, இந்தியாவும் அதையே சொன்னது. இங்கேயும் வந்தவள்தான். ஆனால் அத்தையின் கணக்குப்படி நான் இன்னும் அந்தத் தோட்டத்து எல்லையைத் தாண்டவே இல்லை. மணி அடிக்கிறது. மேரி புதுச் சப்பாத்தோடு வாசலைத் தாண்டி உள்ளே ஓடுகிறாள். நான் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு பிராட்ஃபோர்ட் மழையில் வெளியே நிற்கிறேன்.