லேடீஸ் கேபின் திரை

கம்பம் ஊரில் நாங்கள் போகும் பிரௌசிங் சென்டரில் பெண்களுக்கென்று ஒரு கம்ப்யூட்டர் தனியாக இருந்தது. மூன்று பக்கம் பிளைவுட், முன்னால் பூப்போட்ட திரை. அதை இழுத்துவிட்டால் நாம் என்ன பார்க்கிறோம் என்று யாருக்கும் தெரியாது என நம்பினோம். வீட்டில் எங்களை அனுப்பியதும் அந்தத் திரையை நம்பித்தான்.

என் மகனுக்கு அப்போது மூன்று மாதம். மார்புக் காம்பு வெடித்துச் சீழ் வைத்திருந்தது. மாமியாரிடம் சொன்னால் அன்றைக்கே புட்டிப்பாலுக்கு மாற்றிவிடுவார் என்ற பயம். திரைக்குள் உட்கார்ந்து தேடினேன். படித்ததில் பயம் கூடி, தேனிக்கு வாரம் ஒருநாள் வரும் பெண் டாக்டரிடம் போனேன். மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதைச் சாப்பிட்டுக்கொண்டு பால் கொடுக்கலாமா என்று கேட்க மறந்துவிட்டேன். விழுங்கவும் துணிவில்லாமல் மறுபடி சென்டருக்குப் போனேன்.

கடைக்காரர் என் கணவரின் சித்தப்பா மகன். என்னைப் பார்த்ததும் குரலைத் தணித்தார்.

"புண்ணு ஆறிருச்சா மதினி? தேங்கா எண்ண தடவச் சொல்றாக."

பக்கத்தில் இருந்தவன் சிரிப்பை அடக்கியதில் அவன் தோள் குலுங்கியது.

உள்ளே போய்த் தேடும் பெட்டியில் ஓர் எழுத்தைத் தட்டியதும் எனக்கு விளங்கிவிட்டது. போன வாரம் நான் தட்டிய சொற்கள் அப்படியே கீழே இறங்கின. கூடவே மற்றவர்களுடையதும். ஒருத்திக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. இன்னொருத்தி, கணவன் அடித்தால் எங்கே புகார் கொடுப்பது என்று கேட்டிருந்தாள். நாங்கள் எழுந்துபோன பிறகு கடைக்காரரும் அவர் கூட்டாளியும் திரைக்குள் வந்து உட்கார்ந்து ஒவ்வோர் எழுத்தாகத் தட்டிப் பார்த்திருக்கிறார்கள். விரல்களைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

"நம்ம பய, அக்கறையில கேட்டிருப்பான். நீ எதுக்கு அங்கன போயி அதெல்லாம் தேடுற?" என்றார் கணவர்.

அக்கறைதானோ, நான்தான் பெரிதாக்குகிறேனோ என்று யோசித்தேன். குலுங்கிய அந்தத் தோள் நினைவுக்கு வந்தது.

போடியில் கம்ப்யூட்டர் வகுப்பு எடுக்கும் என் தோழியிடம் போனில் சொன்னேன். மறுநாள் அவள் ஒரு பென் டிரைவோடு வந்தாள். அதற்குள் தனியாக ஒரு பிரௌசர்.

"இதுலருந்து தெறந்து தேடு. எந்திரிக்கும்போது உருவிட்டு வந்துரு. கடையில நீ தேடுனது தங்காது. உள்ள நான் குறிச்சு வச்சிருக்க இந்தத் தேடுற தளத்துக்கே போ. யாரு கேட்டதுன்னு எழுதி வைக்க மாட்டோம்னு போட்டிருக்கான்."

"நெசமாவாடி?"

"அவன் சொல்றான். ஒங் கொழுந்தனுக்கு இவன் மேலு."

அன்றே போனேன். முதலில் கடையின் பிரௌசரில் இருந்த பழைய தேடல்களை, எங்கள் எல்லோருடையதையும், தோழி சொல்லிக்கொடுத்தபடி அழித்தேன். பிறகு பென் டிரைவைச் செருகி மாத்திரையின் பெயரைத் தட்டினேன். பால் கொடுக்கலாம் என்று இரண்டு மருத்துவமனைப் பக்கங்களில் இருந்தது. மனம் கேட்காமல் மூன்றாவதையும் படித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

வாசலில் செருப்பை மாட்டுவதற்குள் கடைக்காரர் திரைக்குள் நுழைந்துவிட்டார். திரைக்குக் கீழே கால்கள் மட்டும் தெரிந்தன. ஒரு தட்டல், பிறகு அமைதி. இன்னொரு தட்டல். வெளியே வந்தார்.

"மதினி, சிஸ்டத்துல எதையும் அமுக்குனீகளா?"

"ஏன், என்னத்தக் காணோம்?"

அவர் கல்லாப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து மாத்திரையை விழுங்கினேன். சோப்புப் போட்டு இரண்டு முறை கை கழுவினேன். அதற்குப் பிறகுதான் பிள்ளையைத் தூக்கினேன்.