சுமியேயின் முன்பல்

ஜப்பானில் எங்கள் பெப்பு ஊரில் மூங்கில் வேலை செய்கிறவர்களைக் கையைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். என் மனைவி சுமியேயை மட்டும் வாயைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். மேல் முன்பல் ஒன்றில் சின்னதாக ஒரு பள்ளம். மெல்லிசாக உரித்த மூங்கில் சிம்பு ஓடி ஓடி விழுந்த தடம் அது. எங்கள் மகள் சியோரியின் வயதுதான் அதற்கும் இருக்கும்.

சுமியே மீன்காரர் வீட்டுப் பெண். துறைமுகத்தில் ஏலம் கூவிப் பழகிய குரல். கல்யாணமாகி வந்த புதிதில் அவளுக்கு மூங்கில் என்றால், நான் கொப்பரையில் வேகவைத்து, எண்ணெய்ப்பசை போக்கி, வெயிலில் காயவைத்து விற்கும் சரக்கு, அவ்வளவுதான். சியோரி பிறந்த பிறகு ஒருநாள், "நீங்க வேகவைக்கிறதை வச்சு எவன் எவனோ கூடை முடைஞ்சு பேர் வாங்குறான். அந்தப் பேரை நான் வாங்குறேன்" என்று பயிற்சிக்கூடத்தில் போய்ச் சேர்ந்தாள். கூடப் படித்த ஆண்கள் சிரித்தார்கள். இன்று அவர்கள் தங்கள் பூக்கூடையை அவள் கூடைக்குப் பக்கத்தில் வைக்கவே யோசிக்கிறார்கள். புருஷன் புகழ்கிறான் என்று எண்ண வேண்டாம். எங்களுக்குள் சண்டை இல்லாத நாள் கிடையாது.

அவள் வித்தை பல்லில் இருந்தது. நீளமாகப் பிளந்த மூங்கில் பத்தையின் நுனியைக் கத்தியால் பிளப்பாள். ஒரு பாதியைப் பல்லில் கவ்வி மறுபாதியைக் கையால் இழுப்பாள். நடுவில் கத்தி சும்மா உட்கார்ந்திருக்கும். சிம்பு ஒரு பக்கம் கனத்தால் பல் உடனே சொல்லிவிடுமாம். அப்படி உரித்த சிம்பைத் தூக்கிப் பிடித்தால் வெளிச்சம் தெரியும்.

சியோரிக்குக் கல்யாணம் நிச்சயமான சமயத்தில்தான் பல் டாக்டர் அந்தப் பல்லில் விரிசலைப் பார்த்தார். இன்னொரு தடவை மூங்கிலைக் கடித்தால் பல் கையோடு வந்துவிடும் என்றார். சியோரி அம்மாவைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, கல்யாணப் போட்டோவுல நீ பொக்கை வாயோட நிக்கக் கூடாது. அதுவரைக்கும் கடிக்க மாட்டேன்னு சொல்லு."

"சரிடி. சோத்தை மட்டும் கடிக்கிறேன், போதுமா?"

சொன்ன சொல்லில் நின்றும் இருப்பாள். ஆனால் மாப்பிள்ளையின் அம்மா ஹாட்சுயோ ஒரு மூங்கிலைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தார். குனிசாகியில் அவர் பிறந்த வீட்டை இடித்துவிட்டார்கள். அடுப்புப் புகையை நூறு வருஷம் குடித்த கூரை மூங்கில் அது.

"நானே கூரை மேல ஏறினேன். மத்ததெல்லாம் பூச்சி அரிச்சுப் போச்சு. இது ஒண்ணுதான் மிஞ்சுச்சு. கல்யாண மேஜைக்கு ஒரு பூக்கூடை பண்ண முடியுமா, சம்பந்தியம்மா?"

கரியைத் துடைத்ததும் உள்ளே தேன் நிறம். கயிறு கட்டியிருந்த இடங்களில் புகை ஏறாமல் வெளுத்த பட்டைகள். சுமியே அதை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தாள். என்னை அப்படித் தடவி வெகுகாலம் ஆகிறது.

வேலை ஓடவில்லை. விரலை நம்பி உரித்த சிம்புகள் ஒரு பக்கம் கனத்தன, கணுவில் படக்கென்று முறிந்தன. பழைய மூங்கில் மன்னிக்காது. இன்னும் கொஞ்சம் வீணானால் கூடைக்குப் போதாது.

"நான் உரிச்சுத் தரட்டுமா?" என்றேன்.

"நீங்க வேகவைக்கிறவரு. வேகவைங்க."

"அப்ப கடை மூங்கிலுக்குச் சாயம் ஏத்திக் கலந்துடு. யாருக்குத் தெரியப்போகுது?"

அவள் என்னைப் பார்த்த பார்வையில் கொப்பரையே ஆறியிருக்கும். "அந்த அம்மா கூரை ஏறி எடுத்துட்டு வந்திருக்காங்க. நான் ஒரு பல்லுக்குக் கணக்குப் பார்க்கிறதா?"

கடித்தாள். சிம்புகள் ஒரே சீராக வரத் தொடங்கின. கடைசிச் சிம்பில் பல் போனது. ரத்தத்தைத் துப்பிவிட்டு, முதலில் சிம்பில் கறை பட்டதா என்றுதான் பார்த்தாள். கூடை முடிந்தபோது கல்யாணத்துக்கு ஒரு வாரம்கூட இல்லை. ஈறு ஆறாமல் பொய்ப்பல் வைக்க முடியாது என்று டாக்டர் கையை விரித்தார்.

"ஒரே ஒரு விஷயம்தானே உன்கிட்ட கேட்டேன்!" என்று சியோரி கத்தினாள். கல்யாணத்தன்று காலையில்கூட அவள் அம்மாவோடு பேசவில்லை. கல்யாணக் கூடத்தில் சுமியேவும் கறுப்புக் கிமோனோவின் கையால் வாயை மறைத்துக்கொண்டு ஊமைபோல் உட்கார்ந்திருந்தாள். அவளை அப்படிப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

ஹாட்சுயோ மேஜைக்கு வந்தார். கூடையில் மலைக்காட்டு வெள்ளைப் பூ ஒரே ஒரு கிளை. வெளுத்த பட்டைகளையெல்லாம் சுமியே ஒரே மட்டத்தில் சேர்த்து, கூடையின் இடுப்பைச் சுற்றி ஒரு கோடாக ஓட விட்டிருந்தாள்.

"இது... கயிறு கட்டின இடம்" என்று ஹாட்சுயோ தொட்டார். "சின்ன வயசுல மல்லாந்து படுத்து இதைத்தான் எண்ணிக்கிட்டிருப்பேன்." கூடை மேலேயே குனிந்து அழுதார்.

சுமியேவுக்குக் கிமோனோவின் கை மறந்துபோனது. "நல்லா அழுங்க சம்பந்தியம்மா! தண்ணி நிக்கத்தான் கூடைக்கு உள்ள மூங்கில் குழாய் வச்சிருக்கேன்!" என்று ஏலக் குரலில் சொல்லிச் சிரித்தாள். கூடமே அந்த ஓட்டையைப் பார்த்தது. ஹாட்சுயோ கண்ணீரோடு சிரித்தார்.

படம் எடுக்கிறவர் தயங்கினார். "பொண்ணோட அம்மா மட்டும் கொஞ்சம் வாயை மூடிக்கிட்டா..."

"வேண்டாம்" என்றாள் சியோரி. மறுபடி வாய்க்குப் போன அம்மாவின் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். "அம்மா, சிரி. நல்லா வாயைத் திறந்து சிரி."

அந்தப் படம் எங்கள் பட்டறைச் சுவரில் இருக்கிறது. எல்லோரும் சிரிக்கிறார்கள். நான் மட்டும்தான் அழுது தொலைத்திருக்கிறேன்.